மெதுவாகிப்போன லேப்டாப்: உள்ளே மாற்றுவதா, ரீஃபர்பிஷ்டு எடுப்பதா, புதிது வாங்குவதா?

"லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு, புதுசு வாங்கிடலாமா?" இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது என்னிடம் வந்துவிடுகிறது. கல்லூரி மாணவர்கள், வீட்டிலிருந்து டியூஷன் எடுக்கும் ஆசிரியைகள், சின்னக் கடையில் பில் போடுகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு கேட்பவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள்.

அக்கா மகளும் அப்படித்தான் வந்தாள். பிசிஏ இறுதியாண்டு. 2017-இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பவர் பட்டனை அழுத்திவிட்டு உள்ளே போய் இரண்டு பேருக்கும் டீ போட்டு எடுத்து வந்தேன். அப்போதும் பிரவுசர் திறந்து முடிக்கவில்லை. "மாமா, புதுசே வாங்கிடலாம், அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள். சொல்வதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். சிபியு, அதாவது பிராசஸர், 12 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும், புதிது வாங்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்று தோன்றியது.

## விலை கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்லோ என்று சொல்லும்போது குறைந்தது மூன்று வேறு நோய்களை ஒரே பெயரில் சொல்கிறோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் பிராசஸர் சும்மா காத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் அதன் ஊசி இடம் தேடிப் போக வேண்டும், ஒரு தடவைக்குப் பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே இல்லை. அதே வேலை அங்கே ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் படிக்கிறது. நாம் டீ போட்டு முடித்துவிடும் நேரம் அங்கேதான் போகிறது.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் பற்றவில்லை. இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், திரும்ப எடுக்கும். 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்திருந்தால் ஒன்றின் சுமை இன்னொன்றின் தலையில் விழுகிறது.

சிபியு அடிக்கடி 100-ஐத் தொட்டால் பிராசஸரே போதவில்லை. ஆனால் அதிலும் ஒரு விஷயம் உண்டு. ஃபேன் கத்திக்கொண்டு, அடிப்பக்கம் தொட முடியாத அளவு சுட்டால், அடைத்துக்கொண்ட தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் காரணமாக இருக்கலாம். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிய பிறகு சரியாகிவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையே இல்லை.

அடுத்து பிராசஸரின் ஜெனரேஷன். ஐ5-8250யூ என்றிருந்தால் கோட்டுக்கு அடுத்த 8, எட்டாம் ஜெனரேஷன். 1035ஜி1 என்றால் பத்தாம் ஜெனரேஷன், 1135ஜி7 என்றால் பதினொன்று. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் ஜெனரேஷன் முதல்தான் முறையாக ஏறும், விதிவிலக்கு மிகச் சொற்பம். ஏஎம்டி லேப்டாப் என்றால் ரைசன் 3000 வரிசை அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை.

மூன்றாவதாக லேப்டாப்பின் உடம்பு. ஹிஞ்ச் (திரையை மடக்கும் கீல்) விரிசல் விட்டிருக்கிறதா, திரையில் கோடு விழுகிறதா, கீபோர்டில் எத்தனை எழுத்து அமுங்கவில்லை என்று பாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ, அடிப்பக்கம் உப்பிக்கொண்டோ இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், அது தீப்பிடிக்கக் கூடியது.

கடைசியாக, பெரும்பாலானவர்கள் யோசிக்காத ஒன்று: இன்னும் எத்தனை வருஷத்துக்கு வேண்டும்? ஆறு மாதமா, இரண்டு வருஷமா, ஐந்து வருஷமா? என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முடிவை மாற்றுகிறது.

## வழி ஒன்று: இருப்பதிலேயே எஸ்எஸ்டியும் ரேமும்

டிஸ்க்தான் நோய் என்றால் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு வித்தியாசம் வேறு எதிலும் கிடைக்காது. பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். அதன் வேகம் செகண்டுக்கு சுமார் 550 எம்பி வரைதான். என்விஎம்இ எஸ்எஸ்டி அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், உண்மைதான். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வரும்போது தெரியும் வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்குப் போகும்போது அன்றாட வேலையில் தெரியாது. பழைய லேப்டாப்புக்கு சாட்டா போதும்.

அக்கா மகளின் லேப்டாப்பை நானே திறந்தேன். அடியில் வெளியே தெரிந்தவை பதினோரு ஸ்க்ரூ, ரப்பர் காலுக்குள் ஒளிந்திருந்தவை இரண்டு. ஒரு தாளில் லேப்டாப் அடிப்பக்கத்தின் படத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அந்தந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். நீளம் வேறு வேறாக இருக்கும். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீள ஸ்க்ரூவைத் திருகினால் மேல்பக்கம் பொத்துக்கொண்டு வரும். பிறகு பழைய ஏடிஎம் கார்டை ஓரத்து இடுக்கில் நுழைத்து மெல்ல நகர்த்தினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக 'டக்' என்று விடும். அந்தச் சத்தத்தில் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "உடையல, அது அப்படித்தான்" என்று சொல்ல வேண்டியிருந்தது. மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதற்குப் பிறகுதான் வேறு எதிலும் கை வைக்க வேண்டும்.

என்னிடம் சும்மா கிடந்த எஸ்எஸ்டியை மாட்டி, விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் காட்டினேன். அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது.

இனி இதில் மறைந்திருக்கும் செலவுகள். வாங்கும் முன் ரேம் எந்த வகை என்று கட்டாயம் பாருங்கள். டிடிஆர்3எல், டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. மெல்லிய மாடல்களில் ரேமை போர்டோடு சால்டர் செய்திருப்பார்கள், அங்கே கூட்ட வழியே இல்லை. எம்.2 ஸ்லாட் (குச்சி மாதிரி எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவை ஏற்பதா, என்விஎம்இ-யை ஏற்பதா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் வேலை செய்யாமல் போகலாம். ரேம் விலையும் இப்போது பழைய மாதிரி இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை வேகமாக ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தை விட்டே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள், அப்புறமும் மெமரி நிரம்பினால் மட்டும் ரேம் வாங்குங்கள்.

டேட்டா விஷயத்தில் அவசரம் வேண்டாம். முதலில் பேக்கப். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீ எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் சொந்தப் ஃபோட்டோக்களே பூட்டிக்கொள்ளும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் வெளி டிஸ்க்காகப் பயன்படும்.

இந்த வழி யாருக்குச் சரி? எட்டாம் ஜெனரேஷனோ அதற்கு மேலோ வைத்திருந்து இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஹிஞ்ச் உடைந்து, திரை போய், பேட்டரியும் போயிருந்தால் செய்யாதீர்கள். மூன்றையும் மாற்றும் பணத்தில் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) லேப்டாப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத லேப்டாப்பிலும் ஒரு வாழ்க்கை மிச்சமிருக்கிறது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றில் 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பிரவுசர், டைப்பிங், பிள்ளைகளின் பாடம் எல்லாம் நடக்கும். தமிழ் எழுத தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். டேலி மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கட்டாயம் என்றால் இது வேண்டாம்.

## வழி இரண்டு: ரீஃபர்பிஷ்டு

கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் லேப்டாப்கள்தான் இந்தச் சந்தையில் அதிகம். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசைகள். அலுவலகத்துக்கென்று செய்தவை என்பதால் ஹிஞ்சும் கீபோர்டும் உறுதியாக இருக்கும், பிரித்து வேலை பார்ப்பதும் சுலபம். அதே விலைக்குக் கிடைக்கும் புதிய லேப்டாப்பின் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுவிட்டு இதைத் தொட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இங்கே கடைக்காரர் "ஐ5 சார்" என்று சொல்வதோடு நிற்காதீர்கள். எந்த ஜெனரேஷன் ஐ5 என்பதுதான் கேள்வி. ஏழாம் ஜெனரேஷன் ஐ5-7200யூ-வில் இரண்டு கோர். அடுத்து வந்த ஐ5-8250யூ-வில் நான்கு கோர். ஒரே ஒரு ஜெனரேஷனில் கோர் இரண்டு மடங்கானது, விண்டோஸ் 11-இன் கோடும் அதே இடத்தில்தான் விழுகிறது. திங்க்பேட் டி470-யும் டி480-யும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். டி470-இல் ஆறு, ஏழாம் ஜெனரேஷன் பிராசஸர்கள். டி480 பெரும்பாலும் எட்டில் வந்தது. டெல்லில் லாட்டிட்யூட் 7490, ஹெச்பியில் எலைட்புக் 840 ஜி5 இரண்டும் பெரும்பாலும் எட்டாம் ஜெனரேஷனில் வந்தவை. ஒரு படி கீழே இருக்கும் 7480-யும் ஜி4-யும் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் விண்டோஸ்தான் தேவை என்றால் வேண்டாம்.

நேரில் பார்த்து, கையால் இயக்கிப் பார்த்து வாங்குவதுதான் நல்லது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை நாள் சுற்றினால் ஒரே மாடலைப் பல கடைகளில் ஒப்பிட்டுவிடலாம். கூச்சப்படாமல் இவற்றைச் செய்யுங்கள்:

- நோட்பேடைத் திறந்து கீபோர்டின் எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.
- முழு வெள்ளை, முழுக் கறுப்பு படங்களைத் திரை நிறையப் போட்டுப் புள்ளியோ கறையோ தெரிகிறதா என்று பாருங்கள். 1366 x 768 திரை என்றால் வேறு கேளுங்கள்.
- பென்டிரைவ் ஒன்றை எடுத்துப்போய் எல்லா யுஎஸ்பி துளையிலும் செருகிப் பாருங்கள். கேமரா, மைக், வைஃபை, ஹெட்ஃபோன் துளையும்தான்.
- ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் கிளம்பும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். பழைய கம்பெனி போட்ட பூட்டை எடுப்பது பெரிய வேலை.
- கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைப் பாருங்கள்.

பேட்டரியைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் ஏமாந்திருக்கிறேன். நண்பர் ஒருவருக்காக ஒரு கடையில் லேப்டாப் எடுத்தோம். "நாலு மணி நேரம் நிக்கும்" என்றார்கள். மற்ற எல்லாவற்றையும் பார்த்த நான் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கவில்லை. வீட்டில் எடுத்துப் பார்த்தபோது, தயாரித்தபோது 60,000 மில்லிவாட் மணி இருந்த பேட்டரி இப்போது முழு சார்ஜில் 23,000-தான் பிடிக்கிறது. திரும்பிப் போனால் பேட்டரிக்கு வாரன்டி இல்லை என்று பில்லில் சின்ன எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். நண்பரின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த ரிப்போர்ட்டை எடுக்கும் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது, ஒரு நிமிட வேலை. முழு சார்ஜ் அளவு ஆரம்ப அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையையும் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு விண்டோஸ் லைசென்ஸ். பிராண்டட் லேப்டாப்களில் பெரும்பாலும் லைசென்ஸ் பயாஸிலேயே பதிந்திருக்கும். அதை விட்டுவிட்டுக் கள்ள ஆக்டிவேஷன் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, டிஜிட்டல் லைசென்ஸ் என்று வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். சார்ஜர் ஒரிஜினலா என்பதையும் கேளுங்கள். லோக்கல் சார்ஜரைக் கொடுத்துவிட்டு விலையில் அதைச் சொல்லமாட்டார்கள்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு நம்பகமான லேப்டாப் வேண்டும், கோடிங், அலுவலக வேலை, ஆன்லைன் வகுப்பு என்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். வீடியோ எடிட்டிங், கேம், 3டி வேலைகளுக்கு இது ஆகாது.

## வழி மூன்று: புதிது

புதிதில் வாரன்டி, புது பேட்டரி, நீண்ட ஆயுள் மூன்றும் கிடைக்கும். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எச்சரிக்கை எல்லாம் குறைந்த விலைப் புது லேப்டாப்களைப் பற்றித்தான்.

செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான, மலிவான ஸ்டோரேஜ்) என்று எழுதியிருந்தால் அது பெட்டிக்குள்ளேயே பழசானது. அந்தப் பணத்துக்கு எட்டாம் ஜெனரேஷன் ரீஃபர்பிஷ்டு பல மடங்கு மேல். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 7520யூ-வில் அது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யூ என்றால் ஜென் 3, 7540யூ என்றால் ஜென் 4. முதலில் 7 என்று பெரிதாகத் தெரிவதால் எல்லாம் புதிது என்று நினைத்துவிடுகிறோம்.

ரேம் சால்டர் செய்ததா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். சால்டர் என்றால் 16 ஜிபி-க்குக் குறைத்து எடுக்காதீர்கள், பின்னால் கூட்ட முடியாது. ஷோரூமில் திரையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், நிறம் வெளிறினால் மலிவான பேனல். 250 நிட்ஸ் வெளிச்சம் உள்ள திரை ஷோரூமுக்குள் பளிச்சென்று இருக்கும், வெயில் வரும் ஜன்னலோரத்தில் முகம்தான் தெரியும். நோ காஸ்ட் இஎம்ஐ-யிலும் பிராசசிங் கட்டணமும் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து வரலாம், ஸ்டேட்மென்ட்டில்தான் தெரியும். கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருப்பவர்கள் லேப்டாப்புக்குக் கட்டிய 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டாக எடுக்க வாய்ப்புண்டு, பில்லை நிறுவனத்தின் பெயரில் போடச் சொல்லுங்கள்.

நான்கு வருஷப் படிப்பில் இப்போதுதான் சேர்பவர்கள், எடிட்டிங், கேம் டிசைன் என்று கிராஃபிக்ஸ் தேவைப்படுபவர்கள், பிரித்துப் பார்க்கவும் கடை கடையாக அலையவும் நேரமில்லாதவர்கள் புதிதே வாங்குங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | எஸ்எஸ்டி, ரேம் | ரீஃபர்பிஷ்டு | புதிது |
|---|---|---|---|
| செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| தாங்கும் காலம் | 1-2 வருஷம், 8-ஆம் ஜெனரேஷனோ அதற்கு மேலோ என்றால் கூடுதல் | 2-3 வருஷம் | 5 வருஷம் வரை |
| வாரன்டி | மாற்றிய பாகத்துக்கு மட்டும் | கடையைப் பொறுத்துச் சில மாதங்கள் | பொதுவாக 1 வருஷம் |
| மறைந்த செலவு | பொருந்தாத ரேம், பேக்கப் | பேட்டரி, லைசென்ஸ், சார்ஜர் | சால்டர் ரேம், இஎம்ஐ கட்டணம் |
| நம் உழைப்பு | ஒரு மாலை | அரை நாள் அலைச்சல் | குறைவு |

அக்கா மகளின் லேப்டாப் ஏழாம் ஜெனரேஷன். மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் ரீஃபர்பிஷ்டு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் படிப்பு இந்த வருஷத்தோடு முடிகிறது, கேம்பஸில் வேலையும் கிடைத்திருக்கிறது, கம்பெனியே லேப்டாப் தரும். விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் வரை வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணமும் இல்லை. அவளுக்குத் தேவை சில மாதங்கள்தான்.

அதனால் மாட்டிக் காட்டிய எஸ்எஸ்டியை அப்படியே விட்டுவிட்டேன், 4 ஜிபி ரேம் ஒன்று மட்டும் கூடுதலாக வாங்கிப் போட்டோம். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் அவள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சேர்த்த ஃபோட்டோக்கள் இருந்தன. அதை யுஎஸ்பி கேஸில் போட்டு, கேபிளோடு ஒரு துணிப்பையில் வைத்துக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்ததும் லேப்டாப் அவள் அப்பாவின் கடைக்குப் போகிறது, லினக்ஸோடு. கடைக் கணக்கை அவர் இப்போது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டித் தரச் சொல்லி இப்போதே கேட்டுவிட்டார்.